இரண்டாம் காலமும் உன் டபுளும்

இன்று காலை மருமகள் புளி போட்டுக் குடம் விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பித்தளை வாசனையில் நீ நினைவில் வந்துவிட்டாய், மச்சான். கல்யாண வீட்டுக் கொல்லையில் குந்தி உன் கார்னெட் ஊதுகுழலை இப்படித்தான் தேய்ப்பாய், வாயால் மெட்டுப் போட்டபடி.

நாம் சந்தித்ததே ஒரு கல்யாணத்தில்தான். எருமப்பட்டியில் பெண் வீட்டார் எங்கள் நாயன, தவில் மேளத்தை வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சேலத்திலிருந்து உன் பேண்டு செட்டை அழைத்து வந்திருந்தார்கள். ஊர்வலத்தில் எது முன்னால் போவது என்று சம்பந்திகளுக்குள் பேச்சு முற்றியது. "எங்க பேண்டு முன்னால போகலீன்னா மாப்பிள்ளை பல்லக்கு நகராதுங்க" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் குறுக்கே நின்றார். பட்டாளத்து பேண்டில் வாசித்துவிட்டு வந்திருந்த நீதான் என்னிடம் வந்தாய்.

"ஏனுங்க தவுலுக்காரரே, ரெண்டு செட்டுஞ் சேந்தே வாசிச்சா என்னங்க?"

"வாசிக்கலாமுங்க. கோயில் முக்கு திரும்புனதும் ரெண்டாங்காலம் போயிரலாம்."

"டபுளு தானுங்க? ஆகட்டுமுங்க" என்று நோட்டுத் தாளில் 'டபுள்' என்று எழுதிக்கொண்டாய்.

கோயில் முக்கு வரை அவ்வளவு அழகு. திரும்பியதும் நான் தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு தவிலில் விழும் சொற்களை மட்டும் இரட்டித்தேன். பட்டாளத்தில் டபுள் என்றால் ஓட்டம் என்பது எனக்கு எங்கே தெரியும்? உன் ஆட்கள் வாசித்துக்கொண்டே ஓடினார்கள். பல்லக்குக்காரர்களும் பின்னாலேயே ஓடினார்கள். மாப்பிள்ளை தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடியில் மறைந்தார். நாங்கள் இங்கே நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தோம்.

கல்யாணமே நின்றுவிடும் என்று பயந்தேன். அப்போது தன் வீட்டு வாசலில் காத்திருந்த கல்யாணப்பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்பா, மாப்பிள்ளை ஓடியே போயிட்டாருங்க!" முறைத்துக்கொண்டு நின்ற சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிப்பு அவர்களையும் பிடித்துக்கொண்டது.

நீ மூச்சிரைக்கத் திரும்பி வந்தாய். "ஏனுங்க, நீங்க ஓடி வரலீங்களா?"

"ரெண்டாங்காலத்துல காலடி மாறாதுங்க. கைதான் இரட்டிக்கும்."

"அட சாமி! எங்களுக்குக் காலே ஓடோணுமுங்க!"

அங்கேயே நோட்டுத் தாளில் இருந்த டபுளை அடித்துவிட்டு, 'கால் அதே, கை இரட்டை' என்று எழுதினாய். பல்லக்கு திரும்பி வர, மறுபடியும் முக்கிலிருந்து எடுத்தோம். என் சொல்லுக்குச் சொல் உன் கார்னெட் பேசிற்று. இரண்டு செட்டில் முன்னால் எவருமில்லை, பின்னால் எவருமில்லை. சம்பந்திகள் தோளில் கை போட்டு நடந்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனை கல்யாணம் சேர்ந்து வாசித்தோம்! போன மார்கழியில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இப்போதும் புது ஆளோடு உட்காரும்போது, "இந்தச் சொல்லுக்கு உங்க பக்கம் என்ன அர்த்தமுங்க?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன். கிழவனுக்கு இது தெரியாதா என்று சிலர் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். கேட்டுத் தெரிந்துகொண்டு வாசிக்கிற சந்தோஷம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை, மச்சான்.