எண்பத்து நான்கு பிரேம்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா உன் லேப்டாப்பை என்னிடம் கொடுத்தாள். "அவரு இல்லாத வீட்ல இருந்தா சும்மா தூசி பிடிக்கும், நீங்களே வெச்சுக்கோங்க அண்ணா" என்றாள். மல்லேஸ்வரத்தில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து இயக்கினேன். உள்ளே விசிறி முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. பக்கவாட்டு ஓட்டை வழியாகச் சூடான தூசியின் வாசனை வந்தது. லிங்கராஜபுரத்தில் உன் முன்னறைக்கு அந்த வாசனைதான். ஐந்து நிமிடம்கூட என்னால் அதன் முன் உட்கார முடியவில்லை.

வாரநாட்களில் நீ ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிப்பவன். ஞாயிறு பூசை முடிந்து வந்தால், பள்ளி நாட்களில் நீ ஆடிய வீடியோ கேம் பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு எமுலேட்டரை எழுதுவாய். அது என்ன என்று நான் கேட்டபோது, நான் பல வருடம் நீதிமன்றச் செய்தி எழுதியவன் என்பதால் அங்கிருந்தே விளக்கினாய். சாட்சி தமிழில் பேசுகிறார், நீதிபதிக்குக் கன்னடம். நடுவில் ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் மாற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியின் சிப்புக்குத் தெரிந்த கட்டளை லேப்டாப்புக்குத் தெரியாது. ஒரு கட்டளையைப் படித்து, புரிந்து, தன் மொழியில் பத்துக் கட்டளைகளாகச் செய்து முடிக்க வேண்டும். அதனால்தான் மெதுவான ஒரு மிஷினைப் போல நடிக்க, அதைவிடப் பல மடங்கு வேகமான மிஷின் தேவைப்படுகிறது. பெட்டிக்குள் கணக்குக்கு, படத்துக்கு, ஒலிக்கு என்று தனித்தனிச் சிப்புகள் ஒரே நேரத்தில் வேலை செய்தன. உன் நிரலில் ஒருவரே மூவரின் வேலையையும் மாற்றி மாற்றிச் செய்து, ஒரு நொடிக்கு அறுபது படம் தர வேண்டும். தவறினால் முதலில் ஒலி உடையும்.

பழைய பெட்டியில் ஒரு முழுப் படத்தைச் சேர்த்துவைக்க இடமில்லை. வரைய வரைய, வரி வரியாக டிவிக்கு அனுப்பிவிடும். லேப்டாப் முழுப் படத்தையும் முடித்து, வரிசையில் நிற்கவைத்து, பிறகுதான் திரைக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்துவதற்கும் பொம்மை குதிப்பதற்கும் நடுவே ஒரு சின்னத் தாமதம் வருகிறது. இதை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம், அந்தத் தாமதத்துக்குள்தான் நான் ஒரு பொய்யை வைத்தேன்.

உன் வலது கட்டைவிரல் மந்தமாகிறது என்று நரம்பு டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். விரல் இன்னும் மெதுவானால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்பது அவர் உத்தரவு. எப்படித் தெரிந்துகொள்வது? நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். திரை திடீரென்று வெள்ளையாகும். உடனே நீ பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தியதும் திரை கறுப்பாகும். உன் விரலையும் திரையையும் சேர்த்து நான் போனில் ஸ்லோ மோஷனில் எடுப்பேன், நொடிக்கு இருநூற்று நாற்பது பிரேம். பிறகு ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எண்ணுவேன். வெள்ளையானதிலிருந்து விரல் விழும்வரை உன் தாமதம். விரல் விழுந்ததிலிருந்து கறுப்பாகும்வரை மிஷினின் தாமதம். முதல் தடவை உனக்கு அறுபது, மிஷினுக்குப் பன்னிரண்டு. நீயே எண்ணினால் உன் ஆசை கலந்துவிடும் என்று வேலையை என்னிடம் கொடுத்தாய்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு, பள்ளி நாளிலிருந்து கேமில் நீ கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளத்தில் தொடர்ந்து விழுந்தாய். "மிஷின்தான் மச்சா, எங்கயோ லேட்டு விடுது" என்றாய். சோதனை வைத்தோம். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து எண்ணினேன். மிஷினுக்குப் பன்னிரண்டு. உனக்கு எண்பத்து நான்கு. மறுபடி எண்ணினேன். எண்பத்து நான்கு.

திரும்பியபோது நீ திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்திருந்தாய். "உனக்கு அறுபது. மிஷினுக்கு முப்பத்தாறு" என்று சொன்னேன். மொத்தம் அதே தொண்ணூற்றாறு. எல்லைக்கோட்டை மட்டும் நகர்த்தியிருந்தேன். நீ மூச்சுவிட்டதை நான் கேட்டேன். அன்றைக்கு ஸ்டெல்லா வைத்த மட்டன் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

அடுத்த ஐந்து வாரம் இல்லாத தவறை நீ தேடினாய். டாக்டரிடம் போகவில்லை. என்ன அவசியம், அறுபதுதானே. அடுத்த படத்தை முன்கூட்டியே கணக்கிட்டு அதையே காட்டினால் தாமதத்தைக் குறைக்கலாம் என்று ஒரு வழியில் இறங்கினாய். ஒரு படத்துக்கான நேரத்தில் இரண்டு படத்தின் வேலை. உன் பழைய லேப்டாப் அதற்குத் தாங்கவில்லை. சூடேறும், சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும், ஒலி நொறுங்கும். அடிமூடியைக் கழற்றி, பின்னால் டேபிள் ஃபேனை வைத்தாய். ஒவ்வொரு வரியாக நிரலைத் திருத்தினாய், அதுவும் இடது கையால். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறுவேன். சொல்லாமல் திரும்புவேன்.

ஐந்தாவது ஞாயிறு, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். ஸ்டெல்லா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "ரெண்டு வாரமா நான்தான் அவருக்குச் சட்டை பட்டன் போட்டுவிடறேன். அவரு என்னடான்னா ப்ரோகிராம்ல தப்புன்னு உட்கார்ந்திருக்காரு. நிஜமாவே அந்த மிஷின்தானாண்ணா?"

முன்னறைக்கு வந்து போனை உன்னிடம் நீட்டினேன். அந்த வீடியோவை நான் அழிக்கவில்லை. நீயே எண்ணு என்றேன். இடது கையால் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினாய். நாற்பதைத் தாண்டினாய். அறுபதில் விரல் விழ வேண்டும், விழவில்லை. அங்கே கொஞ்சம் நின்றாய். பிறகு மேலே போனாய். எழுபது. எண்பது. டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"எண்பத்து நாலு" என்றாய்.

எனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னேன். அதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை.

நீ போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாய். "பயப்படறது என் வேலை மச்சா. எண்றதுதான் உன் வேலை. ரெண்டையும் நீயே செஞ்சா நான் என்னாத்துக்கு?"

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். மாத்திரையை மாற்றினார். விரல் கொஞ்சம் திரும்பி வந்தது, எழுபது வரைக்கும். நீ வெளியே போனதும் நான் மட்டும் நின்று, ஐந்து வாரம் முன்பே வந்திருந்தால் என்ன என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கியவன் நான். அந்தப் பதிலுக்கு மேலே கேட்க எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை.

அதற்குப் பிறகும் என்னைத்தான் எண்ணச் சொன்னாய். வேறு ஆளை வைத்துக்கொள் என்று நான் சொன்னதற்கு, தப்பு செய்தவன்தான் இனிமேல் சரியாக எண்ணுவான் என்று சிரித்தாய். தொண்ணூறு என்றேன், தலையாட்டினாய். நூற்றுப்பத்து என்றேன், ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னாய். கடைசிச் சோதனையில் திரை வெள்ளையானது. விரல் பட்டன்மேல் இருந்தது. வீடியோ முடியும்வரை எண்ணினேன்.

"எவ்ளோ?"

"விழவே இல்ல."

"சரி" என்றாய். ஏதோ கணக்குச் சரியாக வந்துவிட்டது போல.

இப்போதும் பத்திரிகையில் என் மேசைக்கு எண்கள் வருகின்றன. எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை வீடு போயிற்று, எத்தனை நாள் உதவிக்கு யாரும் வரவில்லை. படிக்கப்போகிறவரின் முகம் எனக்கு முன்பே தெரிகிறது, கை நிற்கிறது. கொஞ்சம் குறைத்தால் என்ன என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. எண்ணுகிறேன், மறுபடி எண்ணுகிறேன், இருப்பதை எழுதி அனுப்பிவிடுகிறேன். பயத்தை அதற்குப் பிறகு, பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது பார்த்துக்கொள்கிறேன்.