வாசல் சுவரில் உன் புடவை

அன்பு மனைவி பொன்னியம்மாளுக்கு,

முடிச்சூரில் எல்லாரும் சுகந்தானே? உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? துபாயில் நான் ராஜா மாதிரி இருக்கிறேன். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

இங்கே ஒரு துணிக் கம்பெனிக்கு ஹெட் ஆபீஸ் கட்டுகிறோம். என்னைக் கேட்காமல் ஒரு கல்கூட வைக்கமாட்டார்கள். "பார்த்ததுமே துணிக் கம்பெனின்னு தெரியணும். சுவரே புடவை மடிப்பு மாதிரி இருக்கணும்" என்றார் இன்ஜினியர்.

"இன்னா சார், நம்மகிட்ட ஒரிஜினலே கீது!" என்று, நான் போர்த்திக்கொள்ள நீ கொடுத்தனுப்பிய சீமந்தப் புடவையை ஈரக் கான்கிரீட்டில் பதித்துவிட்டேன். காய்ந்தபின் கிழிந்துதான் வந்தது. தப்புதான், மன்னித்துவிடு. மடிப்பெல்லாம் சுவரில் அப்படியே நிற்கிறது. முதலாளியே தடவிப் பார்த்தார். இல்லை, நான்தான் தினமும் தடவுகிறேன்.

லீவில் ஊருக்கு வந்திருக்கும் என் ரூம்காரன் பாலு திரும்பி வரும்போது பழைய புடவை ஒன்று கொடுத்தனுப்பு. துவைக்காதே. கம்பெனிப் போர்வையில் தூக்கம் வரவில்லை.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது.
உன் துளசிங்கம்