குடை நுனியில் உட்கார்ந்த மீன்கொத்தி

அன்பு மகள் வாலுக்குட்டிக்கு அம்மா எழுதறது. நானும் உங்கப்பாவும் இங்கே சௌக்கியம், அதாவது ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் இன்னும் நெரிக்கலை. நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கீங்களா, வேளாவேளைக்குச் சாப்பிடறீங்களா, ஜன்னலைக் கொஞ்ச நேரமாவது திறந்து வைக்கறீங்களா. ஊர்சுத்தல் முடிஞ்சு நேத்துதான் வீடு வந்து சேர்ந்தோம், தையல் மெஷின் மேல தூசி, துவைக்கற துணி ஒரு மலை, கஸ்டமர் ஒருத்தி வந்து கதவைத் தட்டிட்டுப் போயிட்டா, அதெல்லாம் கிடக்கட்டும்னு முதல் வேலையா உனக்கு எழுத உட்கார்ந்துட்டேன். போன்ல சொல்லலாம்தான், ஆனா உங்கப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு அப்படி நடக்கவே இல்லைன்னு வரிக்கு வரி மறுப்பார்.

உனக்குத்தான் தெரியுமே, ரெண்டு கண்ணுலயும் புரை முத்திடுச்சு, இனி தள்ளிப்போடக் கூடாதுன்னு கண் டாக்டர் சொன்ன நாள்ல இருந்து, டாக்டருக்குத்தான் கண் சரியில்லைன்னு உங்கப்பா சாதிச்சுக்கிட்டு இருந்தார். ஊர்ல பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்த மனுஷனுக்கு ஊசின்னா உதறல், அதை ஒத்துக்க வாய் வராது. நீ அழுது பார்த்தே, நான் கத்திப் பார்த்தேன், ம்ஹூம். கடைசியில அவரே ஒரு பந்தயம் கட்டினார். மாப்பிள்ளை அனுப்பின பைனாகுலரை எடுத்துக்கிட்டு ஆத்தோரமா பறவை பார்க்கப் போறது, நான் கை காட்டாம அவரே ஒரு மீன்கொத்தியைப் பார்த்துட்டா நான் ஆபரேஷன்ங்கற பேச்சையே எடுக்கக் கூடாது, பார்க்க முடியலைன்னா அவர் மறுபேச்சில்லாம ஆஸ்பத்திரிக்கு வரணும். சரின்னுட்டேன், வேற வழி?

வண்டி ஓட்டினது நான். பக்கத்து சீட்ல உட்கார்ந்துக்கிட்டு அவர் கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்துச்சு, மிதிச்ச மிதியில கால் மிதியடி ஒரு பக்கம் சுருண்டே போச்சு. ரோடு தெரியாது, ஆனா சத்தத்தை வெச்சே கியர் மாத்து, கியர் மாத்துன்னு ஓயாத உபதேசம். ஒரு பெட்ரோல் பங்க்ல காபிக்கு நிறுத்தினோம். காபின்னு பேர், சூடா இருந்ததைத் தவிர காபிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்கப்பா பைனாகுலரைத் தூக்கினவர் உஷ்ஷுன்னார். வேலிமேல சாம்பல் நிறத்துல ரெண்டு பறவை, ஜோடி போல இருக்கு, தலையைத் தொங்கப்போட்டுத் தூங்குதுன்னார். காபி ஆறி அடியில தங்கற வரைக்கும் அதையே பார்த்தார், நானும் வாயைத் திறக்கலை. அப்புறம் லாரி டிரைவர் ஒருத்தர் வந்து அந்த ரெண்டு பறவையையும் எடுத்து, உதறி, கால்ல மாட்டிக்கிட்டு ஷூவைப் போட்டுக்கிட்டுப் போயிட்டார். உங்கப்பா ரொம்ப நிதானமா, பறந்துடுச்சுன்னார். சிரிச்ச சிரிப்புல எனக்கு மூக்கு வழியா காபி வந்துடுச்சுடி!

தங்கினது ஆத்துக்குப் பக்கத்துல ஒரு லாட்ஜ். முதலாளி ஒல்லியா, நெட்டையா, மேஜைக்குப் பின்னால ஒத்தைக் காலை மடக்கி நிப்பார், அதனால அவருக்குக் கொக்குன்னு பேர் வெச்சுட்டேன். ரூம் சுத்தம்தான், குறை சொல்லக் கூடாது, ஆனா ஜன்னல் திரைக்கு எந்த மகராசனோ கோணல்மாணலா ஓரம் அடிச்சிருந்தான். அதைப் பார்த்துக்கிட்டு எனக்குத் தூக்கம் வருமா சொல்லு. கைப்பையில ஊசி நூல் இருந்துச்சு, பிரிச்சு நேரா தைச்சுட்டேன். கொக்கு அதைப் பார்த்துட்டு மறுநாள் காலையில எங்க தட்டுல ஆளுக்கு ஒரு முட்டை கூடுதலா வெச்சார், அதுவும் கீழே விழுந்தா துள்ளி எழும்பற முட்டை. சூப்பைப் பத்திக் கேட்காதே, கை கழுவத்தான் குடுத்தாங்களோன்னு முதல்ல நினைச்சேன்.

அன்னைக்குச் சாயங்காலம் லாட்ஜ் மொட்டைமாடியில பறவை தேடும்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. நான் எந்தப் பக்கம் பார்க்கறேனோ அந்தப் பக்கமே அவர் பைனாகுலர் திரும்புது, நான் ஆன்னு வாயைப் பிளந்தா இவர் ஓஹோங்கறார். சரி, பார்த்துடுவோம்னு, ஒண்ணுமே இல்லாத மொட்டைக் கிளையைப் பார்த்து, அடடா என்ன அழகுன்னேன். உங்கப்பா உடனே, அலகு சிவப்பு, வாலை ஆட்டுது, இளசுன்னார். வயசை வேற கண்டுபிடிச்சுட்டார், கேட்டுக்கோ. பின்னால துணி காயப்போட்டுக்கிட்டு இருந்த கொக்கு சிரிப்பை அடக்க முடியாம ஒரு துண்டையே தவறவிட்டுட்டார்.

மறுநாள் ஆத்தங்கரைக்குப் போனோம். மடக்கு நாற்காலி, தொப்பி எல்லாம் வெச்சு உட்கார வெச்சேன், அவர் மடக்கின குடையைத் தொடை மேல குறுக்கே வெச்சு நுனியைத் தண்ணிப்பக்கம் நீட்டிக்கிட்டு, அசையாதே, பேசாதே, இன்னைக்கு வந்தே தீரும்னு எதிர்க்கரையையே பார்த்துக்கிட்டு இருந்தார். வந்துச்சுடி. எங்கே வந்து உட்கார்ந்துச்சு தெரியுமா, அவர் குடை நுனியில! என்ன நீலம், என்கிட்ட தைக்கக் குடுத்த ஒரு கல்யாணப் பொண்ணுக்கு ஊரெல்லாம் தேடியும் கிடைக்காத சாட்டின் நீலம், வயித்துல ஆரஞ்சு லைனிங். இவர் என்னடான்னா, ஏன் குடையை இழுக்கறேன்னு என்கிட்ட சிடுசிடுக்கறார்.

பந்தயத்துல ஜெயிச்சாச்சு, சத்தம் போட்டுச் சிரிக்கணும்னு வாயைத் திறந்தேன். ஆனா பறவை பறந்துடுமேன்னு, குடை நுனியைப் பாருங்கன்னு மெதுவா சொன்னேன். குனிஞ்சார், தலையை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், கண்ணைச் சுருக்கினார். அப்புறம் சின்னக் குரல்ல, நுனி எங்கேம்மா இருக்குன்னு கேட்டார். தன் கையில இருக்கற குடை தெரியலைடி அவருக்கு. பறவை பறந்து போயிடுச்சு, எப்படி இருந்துச்சுன்னு கேட்டார், சாட்டின், லைனிங்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். பைனாகுலரைக் கழட்டி மடியில வெச்சுட்டு, பறவை போனா போகுதும்மா, வாலுக்குட்டி போன்ல வரும்போது அவ முகமே எனக்குத் தெரியறதில்லைன்னார். ஒவ்வொரு தடவையும் இளைச்சுட்டியே, இளைச்சுட்டியேன்னு உன்கிட்ட சொல்லுவாரே, அது ஒண்ணும் பார்த்துச் சொன்னது இல்லையாம், அப்பான்னா அப்படித்தான் சொல்லணும்னு சொன்னதாம். நீ குண்டாயிட்டேன்னு நான் சொன்னப்போ என்னோட சண்டைக்கு வந்தாரே, அதுவும் அப்படித்தான். அழுதுட்டேன். சாக்ஸை நினைச்சுச் சிரிச்சதுக்கும் சேர்த்து அழுதேன்.

வர்ற வழியிலேயே நிறுத்தி டாக்டருக்குப் போன் பண்ணச் சொன்னார். அடுத்த மாசம் ஆபரேஷன். ஊசி போடும்போது அவர் கையை நான் பிடிச்சுக்கணுமாம், ஆனா நர்ஸ் முன்னாடி பிடிக்கக் கூடாதாம், அது எப்படின்னு நீயே யோசிச்சுச் சொல்லு. அதுக்குள்ளே நீ லீவு சொல்லி டிக்கெட் போட்டுடு, மாப்பிள்ளைக்கு முடியலைன்னா நீ மட்டும் வா. ரெண்டு பேரும் நூறு வயசு நோய்நொடி இல்லாம இருக்கணும், ராத்திரி கண் முழிச்சு வேலை பார்க்காதே. முக்கியமா ஒண்ணு, வர்றதுக்காகப் பட்டினி கிடந்து உடம்பைக் குறைக்காதே. கட்டு அவிழ்க்கற அன்னைக்கு நீ எப்படி இருக்கியோ அப்படியே வந்து அவர் எதிர்ல நில்லு. உங்கப்பா ஒரு தடவையாவது உன்னை நல்லாப் பார்த்துட்டு, குண்டாயிட்டியேடின்னு சொல்லட்டும்.

இப்படிக்கு,
பந்தயத்துல ஜெயிச்ச உன் அம்மா