அன்னாசித் தோல் புளித்த கதை

8.3.97, சனி

கடும் வெயில். இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யார் கேட்டார்கள்?

அக்காள் மகள் வசந்தா, பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். அன்னாசித் தோலைப் புளிக்கவைத்து லாக்டிக் அசிட் எடுக்கும் ஆராய்ச்சி. டிரம் வைக்க அங்கே இடமில்லை. என் வீட்டுப் பின்பக்கம்தான் லேப். நான்தான் டாக்டர். (ஆறாம் வகுப்பு. அதனால் என்ன?)

இன்று பரீட்சை. முனியாண்டி அண்ணன் தோட்டத்து ரப்பர் பாலில், பாலை உறையவைக்கும் கடை அசிட்டுக்குப் பதில் நம் டிரம் தண்ணீர். வசந்தா நகத்தைக் கடித்தபடி. மதியத்துக்குள் பால் கெட்டி! ஐம்பது பேர் பார்த்தார்கள். சரி, ஆறு பேர். நாயோடு ஏழு.

"மெய்யாவே ஒறைஞ்சிருச்சி லா! மாடு திங்கிற தோல்ல இம்புட்டு வேலையா?" என்றார் முனியாண்டி.

வசந்தா நோட்டை விரித்தாள். "என்னென்னா செஞ்சீங்க மாமா? ஒன்னு விடாம சொல்லுங்க."

சொன்னேன். மெர்லிமாவ் ஊர்ப் பாசாரில், பழக்கடையில் ஒதுக்கிய தோல், இரண்டு சாக்கு. சாறு காய்ச்சி, வெதுவெதுப்பானதும், புதன் காலை பத்து மணிக்கு, அவள் கொடுத்த கண்ணாடி டியூப்பில் இருந்த கிருமியைக் கிழக்கே பார்த்து ஊற்றியது. அந்தக் கிருமிக்கு வாயில் நுழையாத பெயர். ரிப்போர்ட்டில் முதல் பக்கத்திலேயே வருமாம்.

மிச்சத்தைக் கொட்டி டிரம்மைக் கழுவிவிட்டாள் அஞ்சலை. வீடு நாறுகிறதாம். பெண்டாட்டிக்கு விஞ்ஞானம் தெரியாது.

10.3, திங்கள்

மழை. முக்குக் கடைக்கு எனக்குப் போன் வந்தது. வசந்தா. அழுகிற குரல்.

"மாமா, லேப்ல மறுபடி செஞ்சேன். அதே தோலு, அதே பெட்டியில இருந்த இன்னொரு டியூப்பு. ரெண்டு நாளாச்சி, துளி புளிப்பில்ல. எங்க லெக்சரர் என்னா சொன்னாரு தெரியுமா? ஒரு தடவ வந்தது அதிர்ஷ்டமாம். திரும்பச் செஞ்சி காட்டாட்டி வெள்ளிக்கிழம ரிப்போர்ட்டோட வந்து நிக்காதேங்கிறாரு. இன்னொரு வருசம் படிக்கணும் மாமா."

"பயப்படாத கண்ணு."

"வேற எதாச்சும் போட்டீங்களா?"

"ஒன்னுமில்ல. என் கைராசி. அப்புறம்... தென்ன மட்டையால கலக்குனேன். இருபத்தோரு சுத்து."

"இருபத்தொன்னா? இருங்க, எழுதிக்கிறேன்."

மட்டையும் இல்லை, சுற்றும் இல்லை. வாய் தானாக ஓடிவிட்டது.

11.3, செவ்வாய்

வெயில். மதிய பஸ்ஸில் வசந்தாவே வந்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. டிரம் வைத்த இடத்தில் குந்தி நிழலை அளந்தாள். பைப்புத் தண்ணீர் ஒரு போத்தல். பிறகு கத்தியை வாங்கி ஒரு தென்னை மட்டையை வெட்டினாள். துடைத்து, பேப்பரில் சுற்றி, பையில்.

படித்த பெண். மட்டையோடு பஸ் ஏறப் போகிறாள்.

"அத்தே, நீங்க பாத்தீங்களா மாமா கலக்குனத?"

"நான் எங்க பாத்தேன்? ஒங்க மாமனையே கேளு," என்று அஞ்சலை என்னைப் பார்த்த பார்வை! அடுப்படியில் பிடித்துக்கொண்டாள். "பிள்ளைக்கு ஒரு வருசம் போவுங்க. வாயத் தொறந்து சொல்லுங்க."

"சும்மா இரு லா."

"பீத்திக்கிறப்ப மட்டும் தொறக்குதில்ல?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு பைப்படிக்குப் போனேன். குடம் நிறைந்துதான் இருந்தது.

12.3, புதன்

காலை ஏழு. தூறல். பஸ் எட்டரைக்கு. வசந்தா குளிக்கிறாள். இன்று போட்டால்தான் வெள்ளிக்குள் புளிக்கும். நாளை என்றால் முடிந்தது.

சொல்லத்தான் வேண்டும். எப்படி என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

'கண்ணு, நேத்து மாமா கனவுல அம்மன் வந்து...' அடித்துவிட்டேன்.

'கண்ணு, டியூப்ப ஒரு கொரங்கு...' இதுவும் வேண்டாம்.

'கண்ணு, ஒன் டியூப்ப நான் ஊத்தவேயில்ல. நல்ல காரியம்னு சாமி மேடையில, வெளக்குக்கு ஒட்டி வச்சேன். போன வாரம் செவ்வாக்கெழம சாயங்காலம் வெளக்குச் சூட்டுல வெடிச்சிருச்சி. ஒங்கிட்ட சொல்ல வெக்கம். கெழக்கப் பாத்ததும் பொய், மட்டையும் பொய். டிரம்முல நான் ஊத்துனது ஒங்க அத்தை ஒறைக்கு வச்சிருந்த தயிரு. ரெண்டு கரண்டி.'