பின்பலகையில் உங்கள் பெருவிரல்

இஞ்சாருங்கோ, எங்கே இருந்தாலும் ஒருக்கால் என் பக்கம் திரும்புங்கோ.

உங்கள் ஆண்டு நினைவுப் பூசை முடிந்ததும் கோயில் பத்திரிகையில் போட நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். 'அன்புக் கணவர், பாசமுள்ள தகப்பன்' என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். பேனை ஓடவில்லை. மண்டைதீவு முழுக்க வாசித்தாலும் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் செங்கமாரி நோயில் போய்ச் சேர்ந்த பிறகு வள்ளம் கரையிலேயே கிடந்தது. ஆண்டுப் பூசை முடியும்வரை அதைக் கடலில் இறக்கக்கூடாது என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். உங்கள் தம்பி சவிரி பாவம், வருசம் முழுக்க மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்குப் போனான். வெயிலில் பலகை காய்ந்து பொருத்தெல்லாம் வாயைப் பிளந்துவிட்டது. மரத்துக்கும் துக்கம் காக்க வைத்தேனே, எனக்கென்ன விசரா?

பூசை முடிந்ததும் சவிரி கலப்பத்து வேலையைத் தொடங்கினான். பொருத்துகளில் இருக்கிற பழைய பஞ்சைக் கொழுக்கியால் சுரண்டி எடுத்துவிட்டு, எண்ணெயில் ஊறிய புதுப்பஞ்சை உளியால் அடித்து இறுக்கி, மேலே குங்கிலியப் பசையை அப்புகிற வேலை. உங்களுக்குப் போய் விளக்குகிறேன் பாருங்கோ! வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

வேலைக்கு ஆள் காணாது என்று சுரண்டுவதற்கு நானும் போனேன். பொம்பிளை வள்ளத்தில் கை வைக்கிறதோ என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். வைக்காமல்? அவர்களா வந்து என் அடுப்பில் உலை வைப்பார்கள்?

பின்பலகையடியில் குனிந்தபோதுதான் கண்டேன். காய்ந்த பசையில் பதிந்து உங்கள் பெருவிரல். திருக்கை முள் ஏறி நடுவில் வடு விழுந்த அதே விரல். பொருத்து நெடுக அழுத்தி அழுத்திப் போயிருந்தீர்கள். நீங்கள் போட்ட சேட்டுகளைக் கொடுத்துவிட்டேன். சுவரில் இருக்கிற படத்தில் நீங்கள் யாரோ மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். இது மட்டும் நீங்களாகவே இருந்தது. அதில் கொழுக்கியைப் போட எனக்குக் கை வருமா, சொல்லுங்கோ?

"அங்கால முடிஞ்சுதோ மச்சாள்?" என்று சவிரி மறுபக்கத்தில் இருந்து கேட்டான்.

"ஓம். இதில பழசு நல்லாய்த்தான் கிடக்கு. தோண்டத் தேவையில்லை."

"நீங்கள் பாத்தாச் சரி," என்று அவன் வந்து அதன் மேலேயே சுறா எண்ணெயைப் பூசிவிட்டுப் போனான். பசை வெடித்திருந்தது எனக்குத் தெரியும். தெரியாது என்று உங்களிடம் பொய் சொல்ல ஏலாது.

சவிரி கூட்டாளிகளோடு வள்ளத்தை இறக்கிய அன்றே பின்னேரம் காற்றுப் பிடித்தது. சவிரியின் பெண்சாதி பிலோமினா ஏழு மாத வயிற்றோடு கரையில் நின்று செபமாலை உருட்டினாள். பக்கத்தில் நான், கறுப்புச் சீலையோடு. அந்தச் சீலையை இவளுக்கும் உடுத்திவிடப் போகிறேனோ என்று நினைத்தேன். மாதாவே என்று கூப்பிடக்கூட எனக்கு வாய் வரவில்லை.

வந்தார்கள். வலையை வெட்டிவிட்டு, மாறி மாறித் தண்ணீர் இறைத்து இறைத்து வந்தார்கள். சவிரியின் உள்ளங்கைத் தோல் உரிந்துபோய் இருந்தது. அப்படியே மணலில் குந்திவிட்டான்.

"என்ரை கைவேலைதான் பிழைச்சுப்போச்சு மச்சாள். அண்ணை இருந்திருந்தா செவிட்டைப் பொத்தித் தந்திருப்பார்."

அடி எனக்கு விழ வேண்டியது, அவன் கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நல்ல மச்சாள்!

விடிந்ததும் போய் இருவரிடமும் உள்ளதைச் சொன்னேன். பிலோமினா கேட்டுவிட்டு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். சவிரிதான் சொன்னான்.

"மச்சாள், அண்ணை வருசா வருசம் தான் அடைச்சதைத் தானே தோண்டி எறியிறவர். முதல் கொழுக்கி அந்தப் பின்பலகையிலதான் போடுவார். உங்களுக்குத் தெரியாதே?"

தெரியாது. இத்தனை வருசம் உங்களோடு இருந்தும் தெரியாது. நீங்கள் கடலுக்குப் போவதும் வருவதும்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றே அந்தப் பொருத்தை நான்தான் தோண்டினேன். சவிரி உதவிக்கு வந்தான், வேண்டாம் என்றேன். பசை பொரிந்து மடியில் விழுந்தது. உள்ளே பஞ்சு உக்கிக் கறுத்து, கையில் எடுத்தபோது மண்ணாய் உதிர்ந்தது. அழுதுகொண்டுதான் தோண்டினேன், ஆனால் ஒரு நூலையும் விடவில்லை.

பிலோமினா இன்னும் எனக்கு முகம் கொடுக்கவில்லை. மீன் கொண்டுபோனால் வாங்கி வைக்கிறாள், அவ்வளவுதான். அவள் செய்வது நியாயம். நீங்கள் இருந்தாலும் அவள் பக்கம்தான் கதைத்திருப்பீர்கள்.

புதுப்பஞ்சோடு நேற்று வள்ளம் கடலுக்குப் போய் வந்தது. "ஒரு சிரட்டைத் தண்ணியும் ஏறேல்லை மச்சாள்!" என்று சவிரி தூரத்திலேயே கத்தினான். நான் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்ப் பின்பலகையின் உட்பக்கம் கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அழுகை வந்துவிட்டது. சந்தோசத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள். சந்தோசம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களை ஒரு பொட்டும் மிச்சமில்லாமல் எடுத்தெறிந்த பிறகுதானே வள்ளம் ஒழுகாமல் வந்தது? அதற்கு நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

பிலோமினாவுக்குப் பிள்ளை பிறந்தால், அவள் கதைத்தாலும் கதைக்காவிட்டாலும் வெந்நீர் வைக்கப் போய் நிற்பேன். அந்தப் பிள்ளையின் தகப்பன் போகிற வள்ளத்தில் இனி எந்தப் பொருத்தையும் பார்க்காமல் விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மனுசி,
சவிரியின் மச்சாள்,
றெஜினா