தவிட்டுக்கு வாங்கிய பூனை

2025 ஜூன் 3, செவ்வாய்

மன்னித்துக்கொள், இவ்வளவு நேரம் கழித்து உன்னைத் திறக்கிறேன். ஷர்மினி இப்போதுதான் தூங்கினாள். இன்றைக்கு இளைப்பு இல்லை. இருந்தாலும் அவள் நெஞ்சில் காதை வைத்து ஒவ்வொரு மூச்சாகக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். இரண்டு வயதுப் பிள்ளைக்கு நான் அம்மாவா, காவல்காரியா?

மத்தியானம் நாகமணி அக்கா கூப்பிட்டார். காப்பகத்தை மூடுகிறார். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்து, ஆள் இல்லாமல் போன பழைய லயத்தில்தான் இத்தனை வருடமாகப் பூனைகளை வைத்திருந்தார். தோட்டம் கைமாறிவிட்டது. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

"குட்டிங்க போயிரும் நித்தியா. கிராணிய யாரு எடுப்பா?"

எனக்கும் அதே கேள்விதான். கிராணி கிழட்டுப் பூனை. காது ஒன்று கிழிந்தது, சிறுநீரகம் கெட்டது. பழைய தோட்ட ஆபீசில் பெயர் பதிகிற கிராணி மாதிரி முன்கால்களை மடித்து வாசலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் முறைக்கும். அதனால் அக்கா வைத்த பெயர். பிள்ளை பெற்ற புதிதில், காரணம் தெரியாமல் நான் அழுதுகொண்டிருந்த மாதங்களில், அக்கா என்னை லயத்துக்குக் கூட்டிப் போய் உட்கார வைப்பார். கிராணி வந்து என் காலோடு ஒட்டி உட்காரும். ஏன் அழுகிறாய் என்று கேட்காத ஒரே ஆள் அதுதான்.

இடம் கிடைக்காவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் என்றார் அக்கா. குரலில் ஒன்றும் இல்லை. அழுது முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

ஜூன் 5, வியாழன்

என் புருஷன் திவாவிடம் கேட்டேன். சோற்றிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "பிள்ளைக்கு இளைப்பு வச்சிக்கிட்டு பூனையா? உனக்கு அறிவு இருக்கா இல்லையா?"

அத்தை உள்ளேயிருந்து, "முடி நெஞ்சில போய் ஒட்டிக்கும்லா," என்றார்.

'முடி எப்படி நெஞ்சில் போய் ஒட்டும் அத்தை?' என்று கேட்கவில்லை. டிப்ளோமா படித்த வாயை இந்த வீட்டில் எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் 9, திங்கள்

காப்பகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தை நான்தான் பார்க்கிறேன். கிராணியின் படம் போட்டேன். வயது, நோய், தோலுக்கடியில் மருந்து நீர் ஏற்ற வேண்டும் என்பது, எதையும் மறைக்கவில்லை. எத்தனை அழுகிற முகங்கள், எத்தனை கும்பிடுகிற கைகள். "பாவம் சிஸ்." "நல்ல உள்ளம் யாராவது முன்வாங்க." நல்ல உள்ளம் யாராவது என்றால் அது தாங்கள் இல்லை என்று எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார்கள்.

புக்கிட் பெருந்துங்கிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். வெள்ளையில் குட்டி இருக்கிறதா, சோபா வெள்ளை, அதற்குப் பொருத்தமாக வேண்டுமாம்.

ஜூன் 12, வியாழன்

சுங்கை பெசாரிலிருந்து திருச்செல்வம் என்று ஒருவர் பேசினார். ஓய்வு பெற்ற ஆசிரியர். மெதுவான குரல். கேட்டதெல்லாம் சரியான கேள்வி: என்ன தீனி, எத்தனை நாளைக்கு ஒரு முறை மருந்து நீர், தண்ணீர் குடிக்கிறதா, வாய் நாற்றம் அடிக்கிறதா.

"சார், இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"என் மனைவிக்கு டயாலிசிஸ்மா. போய்ச் சேர்றவரைக்கும் நான்தான் பாத்தேன். கிட்னின்னா எனக்குப் பயம் இல்ல."

ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன். ஏன் உடனே சரி என்று சொல்லவில்லை? சுங்கை பெசார் தூரம். எனக்குக் காரும் இல்லை. ஒரு முறை கொடுத்துவிட்டால் மறுபடி பார்க்க முடியாது. அவ்வளவுதான் காரணம். என் ஆசை.

ஜூன் 14, சனி

அத்தைக்கே மனசு இளகியதோ, என் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லையோ, "சின்னத்தாய்க்கு ஒரு போன் போட்டுப் பாரு. அவ பூன நாயின்னா உசுரு விடுவா," என்றார்.

சின்னத்தாய் அம்மா அத்தையோடு ஒரே லயத்தில் இருந்தவர். இப்போதும் கோல சிலாங்கூர் போகிற வழியில் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார், அண்ணன் மகள் கண்மணியோடு. இங்கிருந்து பக்கம். திவா அவரைத் 'தவிட்டம்மா' என்பார். கோழி, மாடு வளர்த்தவர், தவிடு கரைத்துக்கொண்டே இருந்திருப்பார், அதனால்தான் அந்தப் பெயர் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் கேட்டதில்லை.

கூப்பிட்டேன். எல்லாம் சொன்னேன்.

"சீக்காளியா? அப்ப சும்மா வாங்கக்கூடாதும்மா. தவிடு குடுத்து நான் வாங்கிக்கிறேன். அடுத்த ஞாயித்துக்கெழம தூக்கிட்டு வா. அப்புறம் அது பொழச்சிக்கும் பாரு."

சிரித்துவிட்டேன். இனாமாக வாங்க மனசில்லாத கௌரவம் என்று நினைத்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். வாரம் ஒரு முறை போய்ப் பார்க்கலாம். ஷர்மினியையும் கூட்டிப் போகலாம், வெளியே மரத்தடியில் நின்று.

ஜூன் 15, ஞாயிறு

திருச்செல்வம் சாருக்குச் செய்தி அனுப்பினேன். 'இடம் கிடைத்துவிட்டது சார், மிக்க நன்றி.' 'நல்லதும்மா' என்று பதில் வந்தது. பக்கத்திலும் போட்டுவிட்டேன்: கிராணிக்கு வீடு கிடைத்தது. இதுவரை காணாமல் இருந்தவர்கள் எல்லாம் வந்து வாழ்த்துகிறார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

எழுத்து கோணுகிறது. எழுதாமல் படுத்தால் விடியாது.

நாகமணி அக்காவின் பழைய வேனில் போனோம். கிராணி கூடைக்குள் சத்தமே இல்லை. சின்னத்தாய் அம்மா தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, முறத்தில் தவிடு வைத்துக் காத்திருந்தார். என்ன மரியாதை என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடையைத் திறந்து கிராணியின் நெற்றியில் திருநீறு பூசினார். அது தும்மியது.

"மடியப் புடி."

"மடி ஏதும்மா, பேண்ட் போட்டிருக்கேன்."

"சட்டையத்தான் ஏந்தேன். என்ன படிச்ச புள்ளையோ."

டீ சட்டையின் ஓரத்தை விரித்துப் பிடித்தேன். மூன்று கை தவிட்டை அள்ளிப் போட்டார். கிராணியைத் தூக்கித் தன் மடியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டார். அதன் காதில் ஏதோ சொன்னார். பிறகு மறுபடியும் கூடைக்குள் வைத்து, கூடையை என் பக்கம் தள்ளினார்.

"இனிமே இது என்னுது. உன்னுதுன்னு வாய் தவறிக்கூடச் சொல்லாத. தூக்கிட்டுப் போய் நல்லா வளத்து வை."

எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது போல. சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இங்கயே இருக்கட்டும்னுதானே அம்மா கொண்டாந்தேன்."

"இங்கயா? வாங்குனவ வீட்டுல வளத்தா அப்புறம் என்னத்துக்கு வாங்குறது? எமன் உன் வீட்டுக்கு வருவான். இவ சொத்து இங்க எதுவும் இல்லையேன்னு திரும்பிப் போவான். அதுக்குத்தானே செய்யிறது." என் முகத்தைப் பார்த்து அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "உன் புருசன நான் வாங்குனது தெரியாதா உனக்கு? உன் மாமியா அமராவதிக்கு மொத ரெண்டும் தங்கல. மூணாவது இவன். பொறந்தப்பவே இளைப்பு. மூணு கை தவிட்டுக்குத்தான் வாங்குனேன். வாங்கி நானா வளத்தேன்? அவகிட்டத்தான் குடுத்தேன்."

பிறகு கண்மணியிடம் திரும்பி, "என் மவன்தான். தீபாவளிக்குக்கூட எட்டிப் பாக்க மாட்டான்," என்றார்.

அவர் ஏமாற்றவில்லை. தவிடு கொடுத்து வாங்குவதாகப் போனிலேயே சொல்லியிருந்தார். தனக்குத் தெரிந்ததிலேயே பெரிய உபகாரத்தை எனக்குச் செய்தார். நான்தான் சிரித்துவிட்டு, சுங்கை பெசாரில் ஒரு மனிதரை வேண்டாம் என்று சொன்னேன்.

வேனிலிருந்தே திருச்செல்வம் சாரைக் கூப்பிட்டேன். போன வாரமே வேறு ஒரு பூனையை எடுத்துவிட்டாராம், பின்கால் இரண்டும் வராததை. "ஒண்ணுதாம்மா என்னால முடியும். தப்பா நெனைக்காதீங்க." எனக்காக அவர் வருத்தப்பட்டார். திட்டியிருக்கலாம்.

காப்பகத்தில் கூண்டெல்லாம் கழற்றியாகிவிட்டது. அக்கா மகள் வீட்டுக்குப் போகிறார், அடுக்குமாடி, பூனை ஆகாது. "நீயே சொல்லு, இப்பவே டாக்டர்கிட்ட விட்டுறவா?" என்றார். வேண்டாம் என்றேன். கூடையோடு என் வீட்டு வாசலில் இறங்கினேன்.

திவா பார்த்தார். "நாளைக்குக் காலையில இது இங்க இருந்துச்சி, நான் இருக்க மாட்டேன்."

அத்தை பூனையைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தார். "என்னா அது, தவிடு?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அத்தையின் முகம் மாறியது. பையை என் கையிலிருந்து வாங்கி, சாமி மேடையில் வைத்தார்.

"அது இங்கதான் இருக்கும்," என்றார்.

"அம்மா, என்னா பேசுறீங்க?"

"உன்ன வாங்குன கையிடா அது. அவ வாங்குன ஒண்ண நம்ம தொரத்தி, அது ரோட்டுல செத்து, அப்புறம் இன்னொண்ணுக்கு என்ன ஆவும்னு யாருக்குத் தெரியும்?"

இன்னொண்ணு என்றால் திவா. தொழிற்சாலையில் முப்பது பேரை மேய்க்கிற சூப்பர்வைசர், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

கிராணிக்கு வீடு கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். இருபது நாளாக நான் அழுதேன், கெஞ்சினேன். பூனையைத் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். என் கண்ணீர் இந்த வீட்டில் மூன்று கை தவிடு பெறவில்லை.

ஜூன் 30, திங்கள்

அக்கா படம் அனுப்பியிருக்கிறார். லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்.

ஜூலை 6, ஞாயிறு

கிராணிக்குப் பின்கட்டில், துணி துவைக்கிற மெஷின் பக்கத்தில் இடம். ஷர்மினி கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று "ஆணி, ஆணி" என்று கூப்பிடுகிறாள். அது எழுந்து வருகிறது, முன்கால்களை மடித்து உட்கார்ந்து அவளை முறைக்கிறது. மருந்து நீர் ஏற்றும்போது நானே அதைப் பிடித்துக்கொண்டு, ஊசியையும் நானே குத்த வேண்டும். உதவிக்கு யாரும் வருவதில்லை. இன்றைக்கு அத்தை வந்து பாட்டிலை உயர்த்திப் பிடித்தார். பூனையைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"சின்னத்தாய் பொருளு. கொறையில்லாம இருக்கணும்," என்றார்.

ஜூலை 15, செவ்வாய்

ஷர்மினிக்கு இளைப்பு வந்துவிட்டது. கிளினிக்கில் முகத்தில் கவசம் வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். அவள் கை என் சட்டையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. திவா என்னைப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன்.

"வீட்ல என்னென்ன இருக்கு?" என்று கேட்டார் டாக்டர். பூனை, கொசுவத்தி, அத்தையின் சாம்பிராணி, பின்னால் யாரோ தினமும் கொளுத்துகிற குப்பை. எல்லாம் சொன்னேன். "எதுவாவும் இருக்கலாம்," என்றார். எதுவாகவும் என்றால் யாருக்கும் தண்டனை இல்லை. சாயங்காலம் அத்தை சாம்பிராணி போட்டார். கிராணி பின்கட்டில் தும்மியது. நான் கதவுக்கடியில் ஈரத் துணியைத் திணித்துவிட்டு, என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

கிராணியை வெறுக்க முயன்றேன். அரை மணி நேரம்தான் முடிந்தது.

ஜூலை 29, செவ்வாய்

கிராணி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மீன் சாறு வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. எலும்பு கையில் தட்டுகிறது.

ஆகஸ்ட் 2, சனி

கிராணியை மிருக டாக்டரிடம் கொண்டுபோனேன். மேசையில் அது நிற்கவில்லை. "இது வலியிலதான் இருக்கு. விட்டுறலாம்," என்றார். பிறகு தாளை எடுத்து, "ஓனர் நீங்கதானே?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வரவே இல்லை. திங்கட்கிழமை வரேன் டாக்டர் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அத்தையிடம் சொன்னேன். "சின்னத்தாயக் கேக்காம ஊசி போடக்கூடாது," என்றார். எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே நான் திரும்பி வந்துவிட்டேனே, அது ஏன்? எமன் கிமன் எல்லாம் எனக்கு ஏது? கேட்காமல் நான் முடித்து, அடுத்த வாரம் திவா வேலைக்குப் போகிற வழியில் ஏதாவது — இல்லை, எழுத மாட்டேன். இங்கே ஒரு உயிர் வலியில் கிடக்கிறது. நான் மூன்று கை தவிட்டை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அத்தையும் நானும் கடைசியில் ஒரே இடத்தில்.

சாமி மேடையில் அந்தப் பை அப்படியே இருக்கிறது. வண்டு பிடித்துவிட்டது. எடுத்துப் போட யாரும் துணியவில்லை. நானும்தான்.

சின்னத்தாய் அம்மா போனை எடுக்கவில்லை. கண்மணிக்கு எழுதி அனுப்பினேன். அனுப்பியதையே இங்கும் எழுதி வைக்கிறேன்.

'கண்மணி, இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அம்மா, உங்கள் பூனைக்கு ரொம்ப முடியவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி நன்றாகத்தான் வளர்த்தேன். அது ராத்திரியெல்லாம் முனகுகிறது. டாக்டர் ஊசி போட்டுவிடலாம் என்கிறார். என் பூனை என்றால் நானே சொல்லியிருப்பேன். உங்களுடையது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் மகனும் நலம். சீக்கிரம் பதில் போடுங்கள் அம்மா.'