பாதிக்குப் பாதி

அம்மான் நகரிலிருந்து

வாப்பாவுக்கு நஜ்லாவின் ஸலாம். முழங்கால் வலி தணிந்ததா? உம்மா நலமா?

நான் சுகம். எங்கள் மருத்துவமனையில், ஆண் பிள்ளை கேட்டு வருபவர்களுக்கு விந்தணுக்களைப் பிரித்துக் கொடுப்பார்கள். அது பலிக்கிறதா என்று சோதிக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். சாயமேற்றி எண்ணினேன். ஆண் பிள்ளை தருபவை பிரிப்பதற்கு முன்பும் பாதி, பிரித்த பின்பும் பாதி.

"தப்பா எண்ணிட்டியோ?" என்றார் எங்கள் தலைமை டாக்டர் ஸுஹைர். மூன்று முறை எண்ணியும் அதேதான். வேலை போய்விடுமோ என்றுகூட நினைத்தேன், சிரிக்காதீர்கள். கடைசியில் அவரே எண்ணிப் பார்த்தார். "இந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. இனிமே யாருக்கும் இதைச் செய்யறதில்ல" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

உம்மாவிடம் சொல்லி உலர்ந்த வெண்டைக்காய் அனுப்புங்கள். ஓர் ஆளுக்கு ஆகிற அளவு போதும்.

வண்டி வந்துவிட்டது. இன்னொன்று, "யார் மக நீ?" என்று டாக்டர் கேட்டார். நம் ஊர் ஸோஹாகில் உங்களைக் கேலியாகக் கூப்பிடும் பேரையே தலைநிமிர்ந்து சொன்னேன்: "ஆறு பொண்ணுங்களோட வாப்பா இருக்காரே, அவரு மக."

நஜ்லா